வந்துபோகிறவர்களின் அறை

காப்பகத்து நாய்களையும் பூனைகளையும் தத்துப் போகும்வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றதும், யாராக இருந்தாலும் கேட்பது ஒரே கேள்விதான்: “இத்தனை நாள் வளர்த்துவிட்டு யாரிடமோ தூக்கிக் கொடுக்க எப்படித்தான் மனம் வருகிறது உனக்கு?” பெரியம்மா கேட்டபோது அதில் கொஞ்சம் பாராட்டு இருந்தது. மாமியார் கேட்டபோது கொஞ்சம் குற்றச்சாட்டு இருந்தது. இருவரிடமும் சிரித்துவைத்தேன். கொடுக்கிற அன்று அழுகை வரும்தான். அறையைக் கழுவித் துடைப்பதற்குள் பாதி அடங்கிவிடும். என் தூக்கத்தைக் கெடுப்பது வேறு கவலை. இந்த நாய்க்கு எது ஆகும், எது ஆகாது என்று சரியாகத் தெரிந்துகொண்டுதான் கொடுக்கிறேனா? அது தெரியாமல் அனுப்பினால் பல நாய்கள் திரும்பி வந்துவிடுகின்றன. வந்த பிறகு காப்பகத்தில் அதன் விவர அட்டையில் ‘திருப்பி அனுப்பப்பட்டது’ என்று ஒரு வரி ஏறிவிடுகிறது. அந்த வரியைத் தாண்டிப் படிக்கிறவர்கள் குறைவு.

அதனால்தான் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம். ஆள் என்றுதான் எழுதுவேன், மன்னிக்கவும்.

செவலையைப் பற்றி முதலில் சொல்கிறேன். அவன் அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: ஆண், சுமார் 4 வயது, கருத்தடை ஆகிவிட்டது, தொட்டால் சீறும், குழந்தைகள் இல்லாத வீடு நல்லது. காப்பகத்தைக் குறை சொல்வதற்கில்லை. வரிசையாகக் கூண்டுகள், நாள் முழுக்கக் குரைப்பு, வேளைக்கு ஒரு பணியாளர். அங்கே ஒரு நாயைப் பார்த்து அதன் சுபாவத்தைச் சொல்வது, ரயில்வே நடைமேடையில் படுத்திருப்பவரைப் பார்த்து அவர் வீட்டில் எப்படித் தூங்குவார் என்று சொல்வதைப் போன்றது. அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களின் 207 நாய்களை ஓரிரு இரவுகள் மட்டும் வீடுகளில் தங்கவைத்து ஆராய்ந்திருக்கிறார்கள், 2019இல் வெளியானது. சிறுநீரில் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவு வீட்டில் தங்கிய நாட்களில் குறைந்தது, காப்பகத்துக்குத் திரும்பியதும் பழைய அளவுக்கே வந்துவிட்டது. வீட்டில் இருந்தபோது இடைவிடாமல் ஓய்வெடுத்த நேரமும் கூடுதல். நாய் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகுதான் அதன் குணம் என்ற பேச்சையே எடுக்க முடியும்.

செவலையை வண்டியிலிருந்து இறக்கும்போதே இரண்டு வார்கள் மாட்டியிருந்தேன், கழுத்துப்பட்டையில் ஒன்று, மார்புப்பட்டையில் ஒன்று. பயந்த நாய் தலையைத் தாழ்த்திப் பின்னால் இழுத்தால் கழுத்துப்பட்டை அப்படியே கழன்று வந்துவிடும். புது இடத்தில் ஓடிப்போன நாய்க்குத் திரும்பி வர வீடு எது என்றே தெரியாது; கூப்பிட்டால் வர உங்கள் குரலும் பழக்கமில்லை. முதல் நாட்களில் வீட்டு வாசலைப் பற்றி எனக்கு இருக்கும் பயம் வேறு எதைப் பற்றியும் கிடையாது.

உள்ளே வந்தவன் நேராகக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். நான் முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து என் வேலையைப் பார்த்தேன். கட்டிலுக்கடியில் குனிந்து எட்டிப்பார்த்து “வா கண்ணா, வாடா ராஜா” என்று கொஞ்சுகிற உறவினர்களை அந்த நாட்களில் வீட்டுப் பக்கமே விடுவதில்லை. குனிந்து நேருக்கு நேர் கண்ணைப் பார்ப்பது நாய்க்கு மிரட்டல். தின்ன ஏதாவது பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று இந்த வட்டாரத்தில் ஒரு கணக்குச் சொல்வார்கள்: மலைப்பு அடங்க, நடைமுறை பிடிபட, இது நம் இடம் என்று ஊன்றிக்கொள்ள. அறிவியல் விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவசரப்படுகிறவர்களைப் பிடித்து நிறுத்த உதவும்.

செவலை எப்போது சீறுகிறான் என்பதை மட்டும் குறித்துவந்தேன். ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: ‘காலை. தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கப் போனேன். சீறினான். மாலை. அதே கிண்ணம், அதே கை. வாலாட்டினான்.’ இன்னொரு பக்கம்: ‘கதவருகே நின்று கூப்பிட்டேன். ஜன்னலைப் பார்க்கிறான்.’ கொஞ்ச நாள் குறிப்புகளைச் சேர்த்து வைத்துப் படித்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. கூப்பிட்டால் அவன் எப்போதும் வலப்பக்கமே திரும்புகிறான், நான் எங்கே நின்றாலும். தூங்கும்போது வலக்காது தரையில் பட ஒருக்களித்திருந்தால் பாத்திரம் விழுந்தாலும் எழுவதில்லை. சீறியது எல்லாமே இடப்பக்கமாக யாரோ போனபோது.

கால்நடை மருத்துவர் காதுக்குள் பார்க்கும் கருவியை இடக்காதில் நுழைக்கப் பார்த்தார். பாதிக்கு மேல் போகவில்லை. கவனிக்காமல் விட்ட பழைய தொற்றில் உள்தோல் தடித்துத் தடித்துக் காதுக் குழாயே அடைபட்டிருந்தது. ஒரு பக்கம் கேட்காத நாய்க்கு ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது. கேட்கிற காது எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திரும்பும். போதாக்குறைக்கு அந்தக் காதில் வலி. ஓசையே இல்லாமல் ஒரு கை திடீரென்று வந்து வலிக்கிற இடத்துப் பக்கம் தொட்டால் நானும்தான் சீறுவேன். மருந்தில் வலி குறைந்தது, கேட்கும் திறன் திரும்பவில்லை. வலப்பக்கமாக வந்து பெயரைச் சொல்லித் தொடும் பழக்கம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வந்தது. சீறல் ஏறக்குறைய நின்றேபோனது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சீறினால் அதட்டுங்கள், ஒரு அடி போடுங்கள் என்று அறிவுரை சொல்ல ஆட்கள் வருவார்கள். சீறுவது எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் எச்சரிக்காமல் கடிக்கிற நாய்தான் மிஞ்சும். சீறலுக்கு முன்பே வேறு அறிகுறிகளும் வரும்: உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலேயே கொட்டாவி, தலையை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, உடம்பு சட்டென்று விறைப்பது. இவற்றைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் நாய் சீற வேண்டிய அவசியமே அதிகம் வராது.

அறை விஷயம். எங்கள் வீட்டில் வந்துபோகிறவர்களுக்கு ஒரு தனி அறை. கம்பளம், சோபா, மெத்தை எதுவும் கிடையாது, கழுவ முடிந்தவை மட்டும். புதிதாக வரும் நாயோ பூனையோ இரண்டு வாரம் அங்கேதான், எங்கள் வீட்டு நாயின் கண்ணில்கூடப் படாமல். காரணம் பார்வோ. 1978 வாக்கில் உலகெங்கும் நாய்களிடம் பரவிய வைரஸ். தொற்றிய பிறகு நோய் வெளியே தெரிய ஒரு வாரமோ சில சமயம் இரண்டு வாரமோகூட ஆகலாம். தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். கையில் தேய்க்கும் ஆல்கஹால் சானிடைசருக்கு அது மசியாது. முதலில் அழுக்கைச் சோப்பால் கழுவி, பிறகு 32 பங்கு நீருக்கு 1 பங்கு ப்ளீச் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டால்தான் சாகும். பூனைகளுக்கும் இதே குடும்பத்து வைரஸ் ஒன்று உண்டு, குட்டிகளை வாரிக்கொண்டு போய்விடும். குட்டிநாய்க்கு 16 வாரம் வரை தடுப்பூசித் தவணைகள் நீள்வதும் இதனால்தான்: தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை ஊசி முழுதாகப் பிடிப்பதில்லை, அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறுகிறது. ஒரு ஊசி போட்டாயிற்றே என்று தெருவில் இறக்கிவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

படர்தாமரையைப் பற்றியும் தெரிந்துகொண்டு வாருங்கள். பூனையிடமிருந்து நமக்கும் வரும். உயிருக்கு ஒன்றும் ஆகாது. முன்கையில் வட்ட வட்டமாகத் திட்டுகளோடு அலுவலகம் போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இனி குட்டிகள். நாய்க்குப் பத்து வீடு கிடைத்தால், தாயில்லாத பச்சைப் பூனைக்குட்டிகளுக்கு ஒன்று கிடைப்பது அரிது, ஏனென்றால் அதற்குக் கேட்கிற விலை தூக்கம். பிறந்த குட்டி 100 கிராம் அளவில் இருக்கும். கண் திறக்க ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். தன் உடம்பின் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. தாய் நக்கிவிட்டால்தான் சிறுநீரே கழிக்கும், ஏறக்குறைய மூன்று வாரம் வரை. தாய் இல்லாத இடத்தில் இத்தனையும் நம் வேலை. ஈரப் பஞ்சால் மெல்லத் தடவிக்கொடுத்துச் சிறுநீர் வரவைத்து, அதன் நிறத்தைக் குறித்துக்கொண்டு, பால் புகட்டி, ஏப்பம் எடுத்து, துடைத்து, சூட்டுப் பையைச் சரிசெய்து, நான்காவது குட்டியை முடித்து நிமிரும்போது முதல் குட்டிக்கு அடுத்த வேளை வந்திருக்கும். முதல் வாரத்தில் இரண்டு மணிக்கொரு முறை, இரவிலும்.

போன முறை வந்த நான்கில் மூன்றுக்குச் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நகப்பூச்சில் ஒரு நகத்தில் பொட்டு வைத்தேன். நான்காவதற்குப் பொட்டில்லை, அதுவே அதன் அடையாளம். கழுத்தில் நூல் கட்டுகிறவர்களும் உண்டு. வளர்கிற குட்டிக்கு அதை அவ்வப்போது தளர்த்த மறந்தால் ஆபத்து என்பதால் எனக்குப் பிடிக்காது. சமையலறைத் தராசு ஒன்று அவர்களுக்கென்றே. நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஏறாமல் நின்றால் கவலை, இறங்கினால் அன்றைக்கே மருத்துவர். குட்டியின் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, தராசுதான் முன்கூட்டிச் சொல்லும்.

பால் புகட்டும் விதம் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்துப் புகட்டும் படங்களை எங்கும் பார்க்கிறேன். வேண்டாம். பால் நுரையீரலுக்குள் போய்விடும். குட்டி குப்புறப் படுத்திருக்க வேண்டும், தாயிடம் குடிப்பதைப் போல. தலை சற்றே நிமிர்ந்திருந்தால் போதும். புட்டியை அழுத்திப் பாய்ச்சக் கூடாது, அதுவே உறிஞ்ச வேண்டும். சரியாகக் குடிக்கும்போது காதுகள் இரண்டும் ஒரு தாளத்தோடு முன்னும் பின்னும் அசையும், முன்னங்கால்கள் காற்றைப் பிசையும். காது அசையவில்லை என்றால் பால் உள்ளே போகவில்லை என்று எனக்குக் கணக்கு. பசும்பால் கூடாது, வயிறு போகும். பூனைக்குட்டிகளுக்கென்றே பால்பவுடர் இருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், உடம்பு சில்லிட்ட குட்டிக்கு உடனே பாலைக் கொடுக்கக் கூடாது. 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் குடல் வேலை செய்யாது. பால் உள்ளே அப்படியே தங்கிக் கெடும். முதலில் மெல்லச் சூடேற்ற வேண்டும், பிறகுதான் பால். பதற்றத்தில் எல்லோர் கையும் முதலில் போவது புட்டிக்குத்தான்.

பொட்டில்லாதது பிழைக்கவில்லை. மாலையில் எடை சரியாக இருந்தது, நள்ளிரவு வேளைக்கு எடுத்தபோது கை கால் துவண்டு கிடந்தது. சூடேற்றினேன், ஈறில் சர்க்கரைக் கரைசல் தடவினேன், அவசர எண்ணில் பேசிய மருத்துவர் சொன்னதையெல்லாம் செய்தேன். விடிவதற்குள் முடிந்துவிட்டது. பச்சைக் குட்டிகள் சில இப்படித்தான் காரணமே புலப்படாமல் மங்கிப்போகின்றன. நோட்டில் மணி எழுதி ஒரு கோடு போட்டேன். அடுத்த வேளைக்குச் சிவப்பு கத்தத் தொடங்கியிருந்தது.

மற்ற மூன்றும் கொழுத்து, திரைச்சீலையில் ஏறி, என் கணுக்காலை வேட்டையாடி, ஒரு கிலோ தாண்டிக் கருத்தடை முடித்துப் போயின. நீலமும் மஞ்சளும் ஒன்றை விட்டு ஒன்று உண்ணாது, அதனால் சேர்த்தே கொடுக்கச் சொல்லி எழுதினேன். பூனைக்குட்டிக்கு மனிதர்கள் பழகும் பருவம் இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை. குட்டிநாய்க்கு அது மூன்றாம் வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை நீளும். அந்த வாரங்களைக் கூண்டில் கழித்த குட்டிக்கும், மிக்ஸி சத்தத்தையும் செருப்புச் சத்தத்தையும் கேட்டு வளர்ந்த குட்டிக்கும் பின்னால் தெரிகிற வேறுபாடு பெரியது. வளர்ப்பு வீட்டால் கொடுக்க முடிந்தவற்றில் இதற்கு ஈடு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு கிழப் பூனை. உரிமையாளர் இறந்து காப்பகத்துக்கு வந்தவள். அவளுக்கு ஒரு அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் ஓட்டை போட்டு வைத்ததோடு என் வேலை முடிந்தது. ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்த காப்பகத்துப் பூனைகளுக்கு முதல் நாட்களின் அழுத்தம் சீக்கிரமாகத் தணிகிறது என்று நெதர்லாந்தில் 2014இல் கண்டிருக்கிறார்கள். கண்ணை மெல்ல மூடித் திறந்தால் பூனை நம்மிடம் வருவதற்கு வாய்ப்புக் கூடுதல் என்று 2020இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு சொன்னது. இவளிடம் நானும் மூடித் திறந்தேன். அவள் மூடிக்கொண்டு தூங்கிவிட்டாள். என் கவலையெல்லாம் அவள் தட்டில். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே வினையாகும். ‘பசித்தால் தானாகச் சாப்பிடும்’ என்பதைப் பூனை விஷயத்தில் நம்பாதீர்கள். உணவை வெதுவெதுப்பாக்கி, மணம் எழும்படி பெட்டி வாசலில் வைத்துவிட்டு விளக்கை அணைத்ததும் நக்கும் ஓசை கேட்டது.

இதில் இறங்க நினைக்கிறவர்கள் காப்பகத்திடம் சிலவற்றை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மருத்துவச் செலவு யாருடையது, நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது, தத்துக் கேட்டு வருகிறவர்களை முடிவு செய்வது யார், முடியாமல் போனால் எத்தனை நாளில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். ‘அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொன்ன ஓர் இடத்தோடு நான் நிறுத்திக்கொண்டேன். நாய் நோயில் கிடந்தபோது அவர்கள் தொலைபேசியை எடுக்கவே இல்லை. இன்னொன்று, ‘இப்போது முடியாது’ என்று சொல்லப் பழகுங்கள். படத்தை அனுப்பி, நாளை என்ன ஆகுமோ தெரியாது என்று எழுதுவார்கள். மனம் உருகும். அறையில் ஏற்கெனவே மூன்று பேர் இருக்கும்போது நான்காவதை ஏற்றால், அந்த நால்வரில் யாரையுமே நான் சரியாகப் பார்க்கப் போவதில்லை.

செவலைக்கு அறிவிப்பு எழுதும் நேரம் வந்தது. காப்பகத்துத் தன்னார்வலர் தம்பி ஒருவன் ‘அன்பான, அமைதியான நண்பன்’ என்று தொடங்கி ஒரு பத்தி அனுப்பியிருந்தான். நான் மாற்றி எழுதினேன்: ‘இடக்காது கேட்காது. வலப்பக்கமாக வந்து பெயரைச் சொல்லித் தொடுங்கள். தூங்கும்போது தொடாதீர்கள். பூனையைக் கண்டால் விறைத்து நிற்பான், பூனை உள்ள வீட்டுக்குக் கொடுக்க மாட்டோம். சொன்னால் கேட்கிற வயதில் குழந்தை இருந்தால் பரவாயில்லை. வாரைக் கையில் எடுத்தால் மூன்று முறை சுற்றிச் சுற்றி ஓடி, பிறகுதான் கழுத்தை நீட்டுவான்.’

“அக்கா, இதைப் படித்தால் ஒருவரும் வர மாட்டார்கள்” என்றான்.

“வருகிறவர் ஒருவர் போதும், தம்பி.”

சில வாரம் யாரும் வரவில்லை, அவன் சொன்னதும் சரிதான். பிறகு ஒரு குடும்பம் வந்தது, நாய் அழகாக இருக்கிறது என்றார்கள், வீட்டில் இரண்டு பூனைகள் என்றும் சொன்னார்கள். பழகிவிடும் என்றார்கள். வேறு நாயைக் காட்டி அனுப்பினோம். அதற்குப் பின் வந்த அம்மா கொஞ்சம் வயதானவர். அவனைத் தொடவே இல்லை. அவனுக்கு வலப்பக்கமாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, அறிவிப்பின் அச்சுப்பிரதியைப் பையிலிருந்து எடுத்தார். ஓரத்தில் பென்சிலில் கேள்விகள் எழுதியிருந்தார். முதல் கேள்வி: “நடக்கக் கூட்டிப்போகும்போது எந்தப் பக்கம் விட்டுக்கொள்ள வேண்டும்?” உங்களுக்கு இடப்பக்கமாக நடக்கவிடுங்கள் அம்மா, அப்போது அவன் வலக்காது உங்கள் பக்கம் இருக்கும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். அவ்வளவு பேசுவதற்குள் எனக்கு முடிவாகிவிட்டது. நோட்டையும் சேர்த்தே கொடுத்தனுப்பினேன், தேவையான பக்கங்களைப் படமெடுத்து வைத்துக்கொண்டு.

இப்போது அறையில் ஒரு வெள்ளைப் பெண்பூனை. மணல் பெட்டியை விட்டுவிட்டுக் குளியலறைத் துவாலையில்தான் சிறுநீர் கழிக்கிறாள், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, பல முறை. அவளை இங்கே கொண்டுவந்து விட்டவர்கள் அட்டையில் ‘திமிர்’ என்று எழுதச் சொன்னார்களாம். எனக்குச் சந்தேகம் சிறுநீர்ப்பை மேல். நேரம், அளவு, நிறம் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். நாளைக் காலை மருத்துவரிடம் மாதிரி கொடுக்க வேண்டும்.